கித்தேரி வீட்டுக் கதவில் தொங்கிய வளையம்

எங்கள் சங்குமணல் ஊரில் இலையும் பூவும் வைத்துக் கட்டிய வட்ட வளையத்தைச் செத்தவர்கள் நெஞ்சின்மேல் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை என்பதால், கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் திங்கட்கிழமை காலையில் கித்தேரி தன் வீட்டுக் கதவில் ஒரு பச்சை வளையத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போனபோது, அவள் புருஷன் தொம்மை செத்துப்போனான் என்று ஊர் முடிவு கட்டியதில் ஊர்மேல் ஒரு தப்பும் இல்லை. போன வாரம்தான் அவனுக்கு நெஞ்சு வலித்தது. வீடு பூட்டியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், உடல் மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு, ஆண்கள் தலையில் துண்டைப் போட்டும் பெண்கள் மணலில் காலை நீட்டியும் உட்கார்ந்தோம்.

கித்தேரி வேலை பார்த்தது ஒரு கப்பல் ஏஜெண்ட் பங்களாவில். சமையல். அந்த வீட்டம்மா வாசல் கதவில் ஒரு வளையத்தை மாட்டியிருந்தாள், பிளாஸ்டிக் இலையும் பிளாஸ்டிக் பழமும் பட்டு ரிப்பனுமாக. வெளிநாட்டில் கிறிஸ்மஸ் வந்தால் எல்லா வீட்டிலும் இதை மாட்டுவார்கள், வருகிறவர்களை வா என்று கூப்பிடத்தான், என்று சொல்லி, விலையையும் சொன்னாள். விலையைக் கேட்டுக் கித்தேரிக்கு வயிறு எரிந்தது. இந்தக் குப்பைக்கா இத்தனை காசு, இதைவிட நல்லதாக என் வீட்டுக் குப்பையிலேயே செய்வேன் என்று வீட்டம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் எதையும் முகத்துக்கு நேரேதான் சொல்லுவாள்.

இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டு ரொசாரி தொம்மையின் சித்தப்பா மகள், கித்தேரியைவிட மூத்தவள் என்பதால் மைனி என்று கூப்பிடவேண்டிய நாத்தனார் முறை, பைப்படியில் யார் குடம் முந்தி என்பதில் தொடங்கி யார் ஆடு யார் துணியைத் தின்றது என்பதுவரைக்கும் இருவருக்கும் சண்டை, அந்தச் சண்டை கேட்டுத்தான் எங்கள் தெருவே எழும்பும். ரொசாரி வருஷா வருஷம் மூங்கிலில் மூன்றடுக்கு நட்சத்திரம் கட்டிக் கூரைக்குமேல் ஏற்றுவாள், கித்தேரியின் வாசல் மட்டும் சும்மா கிடக்கும். இந்த வருஷம் சும்மா கிடக்கக்கூடாது என்று கித்தேரி நினைத்தாள்.

தொம்மையின் சைக்கிளிலிருந்து கழற்றிப்போட்ட மொட்டை டயர் வட்டத்துக்கு ஆயிற்று. புயலில் முறிந்து கடற்கரையில் கிடந்த சவுக்குக் கொப்புகளைக் கைநீளத்துக்கு ஒடித்து, ஒரு கொப்பின் அடியை அடுத்த கொப்பின் நுனி மறைக்கிற மாதிரி டயரைச் சுற்றி வைத்து, கிழிந்த வலையிலிருந்து பிரித்த நைலான் நூலால் இறுக்கிச் சுற்றிக்கொண்டே போனாள். பழத்துக்கு வற்றல் மிளகாய். கரையில் ஒதுங்கிய கணவாய் மீன் ஓட்டைச் சீவினால் மாவு மாதிரி வெட்டுப்படும், அதில் வெள்ளை நட்சத்திரங்கள். ரிப்பனுக்குத் தன் கல்யாணச் சேலையின் கிழிந்த சிவப்புக் கரை. செய்து முடித்ததும் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, பங்களாக்காரி வந்து பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டாள்.

முதலில் அதைப் பார்த்தது ரொசாரி. பார்த்த இடத்திலேயே குடத்தைப் போட்டுவிட்டு, அண்ணே என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஐஸு ஒடைக்கப் போன அண்ணே – ஒன்
கையி குளுந்துபோச்சோ
பாரம் சொமந்த தோளு – இன்னிக்கிப்
பாரம் எறக்கிருச்சோ"

என்று அவள் எடுத்ததும் தெருவே பொங்கிவிட்டது. தொம்மை ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாறைகளை உடைக்கிறவன், இருபது வருஷமாக எங்கள் நடுவில் நடமாடினான், அவனை ஏறிட்டுப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னவர்கள் எங்களில் யாரும் இல்லை. யாரைத்தான் சொன்னோம். உயிரோடிருப்பவனை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்பட்டுப்போகும் என்றும், தலைக்கனம் ஏறிவிடும் என்றும், சொல்லவும் வெட்கமாக இருக்கிறதே என்றும், எல்லாவற்றையும் பிணத்துக்கு முன்னால் வைத்து மொத்தமாகக் கொட்டுவதுதான் எங்கள் வழக்கம். ஆகவே கொட்டினோம். கோடையில் கம்பெனி வாசல் வழியாகப் போகிற பிள்ளைகள் கையில் ஐஸ் துண்டு வைத்து அனுப்புவானே என்றாள் ஒருத்தி. என் அம்மா செத்தபோது துபாயிலிருந்து அண்ணன் வந்து சேரும்வரை கூலி வாங்காமல் ஐஸ் கொண்டுவந்து அடுக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ விரட்டினானே என்று எங்கள் தெரு இஞ்ஞாசி தேம்பினான். கித்தேரி வாயில் கிடந்தும் ஒரு நாள் எதிர்த்துப் பேசாத மனுஷன் என்று யாரோ சொன்னபோது எல்லாருக்கும் அழுகை கூடியது.

தொம்மை பகல் ஷிஃப்ட் முடிந்து நனைந்த கைலியோடு தெருமுனையில் திரும்பியவன், தன் வாசலில் கூட்டத்தைப் பார்த்துக் கித்தேரிதான் போய்விட்டாள் என்று நினைத்து ஓடிவந்து, கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற இஞ்ஞாசியிடம் யாருப்பா என்று கேட்டான். இஞ்ஞாசி தலைத்துண்டை விலக்காமலே, "நம்ம தொம்மையண்ணந்தான் போயிட்டாவ" என்றான். தொம்மை அங்கேயே நின்று கேட்டான். கேட்கக் கேட்க முதலில் அவன் குதிகால் செருப்பை விட்டு எழும்பியது, பிறகு விரல் எழும்பியது, பிறகு செருப்பு இரண்டும் மணலில் கிடக்க ஆள் மட்டும் முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில் நின்றான். பின்னாலிருந்த ஒருவர், முன்னால் நிற்கிறவர் கொஞ்சம் கீழே நின்றால் நல்லது, மறைக்கிறது என்று சொல்ல, அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

இதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கிவந்த கித்தேரி கூட்டத்தையும், கூரை இறவாணத்துக்குப் பக்கத்தில் நின்ற புருஷனையும் பார்த்தாள். "அங்கன என்ன செய்யுதீய? அரிசி வாங்கியாச்சா, இல்ல வழக்கம்போல மறந்தாச்சா?" என்றாள். தொம்மை சடாரென்று ஒரு அடி கீழே இறங்கினான்.

அன்று ரொசாரி போட்ட சண்டை மாதிரி ஒரு சண்டையை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. உயிரோடிருக்கிற அண்ணனைப் பிணமாக்கிவிட்டாள், தன் கண்ணீரை வீணாக்கிவிட்டாள் என்று ரொசாரியும், அழச் சொல்லி உன்னை யார் கூப்பிட்டது என்று கித்தேரியும். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது தொம்மையை. அவன் முகம் அப்படி இருந்தது. ஒரு மனுஷனின் முகம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் இஞ்ஞாசி வந்து கித்தேரியின் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எனக்கும் ஒரு வளையம் செய்து தருவீர்களா மைனி என்று கேட்டான். வீட்டுக் குப்பையைக் கொண்டுவா என்றாள் கித்தேரி. அவன் ஒரு பழைய வாளிப் பிடியையும் பிள்ளைகளின் உடைந்த கண்ணாடி வளையல்களையும் கொண்டுவந்தான். அடுத்து வந்தவள் பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைக் கொண்டுவந்தாள், அதற்கடுத்தவர் தென்னம்பாளையையும் வலை மிதவைகளையும் கொண்டுவந்தார், உப்பளத்துச் சாக்கின் நூல், பழைய ஜெபமாலையின் மணி, தண்ணீர்ப் பாட்டில் மூடி என்று வந்துகொண்டேயிருந்தது. கித்தேரி ஒருவர் குப்பையை இன்னொருவர் வளையத்தில் சேர்க்கமாட்டாள். அவரவர் குப்பைதான் அவரவருக்கு அழகு என்பது அவள் கொள்கை. காசு வாங்கவில்லை. வாங்காததற்கும் சேர்த்துத் திட்டினாள்.

வளையம் மாட்டிய வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துகொள்ள வேண்டும், மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்து, ஆள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு பேசவேண்டும், என்பது தானாகவே முறையாகிவிட்டது. போய்விட்டதாக நினைத்தால்தான் எங்களுக்கு வாய் வந்தது. பொய் சொன்னால் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. விசைப்படகு முதலாளி எஸ்தாக்கி மணப்பாட்டுப் பக்கமிருந்து ஒப்பாரிக்காரிகளை வேனில் வரவழைத்து, அள்ளிக்கொடுத்த வள்ளல் என்று அரைநாள் பாட வைத்தார், மனுஷர் நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் அவருடைய பழைய படகோட்டி ஒருவர் எழுந்து, நடுக்கடலில் படகிலிருந்து விழுந்த நாய்க்காக இந்த ஆள் ஒரு தடவை படகைத் திருப்பினார், அதை யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார், என்று முணுமுணுத்தார். எஸ்தாக்கி முதலாளி ஒரு சாண் எழும்பினார். அதோடு அவருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது, வேன்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினார்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. மிதக்கிறவர்கள் காற்றில் போய்விடாமலிருக்க வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், அந்த வாரம் ஈயக்குண்டு கடையில் கிடைக்கவில்லை. நாவிதர் முக்காலியின்மேல் ஏறி நின்று சவரம் செய்தார். தேங்காய் பறிப்பவர்களுக்கும் கோயில் கோபுரத்தில் சீரியல் பல்ப் கட்டியவர்களுக்கும் ஏணி வேண்டியிருக்கவில்லை. பங்குச் சாமியார் ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார், மிதப்பவர்கள் நற்கருணை வாங்க இடது ஓரமாகத் தூண்களைப் பிடித்தபடி வரவேண்டும், அவர்கள் முழங்காலிடத் தேவையில்லை, தலை குனிந்தால் போதும், மின்விசிறிகள் திருவிழா முடியும்வரை ஓடாது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தனக்கும் ஒரு வளையம் கிடைக்குமா என்று பாடகர் குழுவில் விசாரித்தார். அவர் உப்பில்லாமல் பிரசங்கம் வைப்பார், ஆனால் எல்லா வீட்டு நோயாளிகளின் மாத்திரைப் பெயரும் அவருக்கு மனப்பாடம். அதைச் சொன்னபோது பீடத்துக்குமேல் அரையாள் உயரம் எழும்பினார்.

கடலுக்குப் போகத்தான் வழியில்லை. மிதக்கிறவன் வலையை இழுத்தால் வலை வராது, அவன்தான் போவான். அப்போதுதான் தொம்மை அன்று சடாரென்று இறங்கியது ஞாபகம் வந்து, அதிகாலையில் ஆண்கள் துடுப்பும் வலையுமாகக் கித்தேரியின் வாசலில் வரிசையாக மிதந்து நின்றார்கள். மைனி, ரெண்டு வார்த்தை திட்டுங்க, கடலுக்குப் போகணும் என்பார்கள். கித்தேரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவனுக்கும் உள்ளதைச் சொன்னாள். நீ வாங்குகிற சாராயத்தில் உன் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடமே கட்டலாம். உன் அம்மா உன் பெயரைச் சொல்லி எத்தனை நாளாக வாசலைப் பார்த்துக் கிடக்கிறாள் தெரியுமா. அவர்கள் ஒவ்வொருவராக மணலில் கால் பதித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மாலையில் திரும்பிவந்தால் யாராவது நல்லது பேசி ஏற்றிவிடுவார்கள். இப்படி ஊரே ஏறியும் இறங்கியும் சந்தோஷமாகக் கிடந்தது. மண்ணிலேயே நின்றவர்கள் இரண்டே பேர், வளையம் கேட்டுக் கித்தேரி வாசலுக்குப் போக ரோஷம் விடாத ரொசாரி ஒருத்தி, கித்தேரி ஒருத்தி.

கித்தேரி ஊருக்கெல்லாம் வளையம் கட்டினாள், ஊரையெல்லாம் இறக்கிவிட்டாள், தனக்கென்று ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை. நேரமில்லை என்றாள். நேரமில்லாமலில்லை, அவளுக்குப் பயம். கட்டி மாட்டி, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒருத்தரும் வராவிட்டால் என்ன செய்வது. வந்தாலும் என்ன சொல்வார்கள். நல்லா திட்டுவா என்றா சொல்வார்கள். தொம்மை கூரை உயரத்தில் படுத்துக்கொண்டு, நீயும் ஒன்று கட்டு, நான் சொல்லுகிறேன் உன்னைப் பற்றி என்றான். கட்டின புருஷன் சொன்னால் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டாள். ஆனால் அதைச் சொன்ன பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம், தொம்மையைக் கயிறு கட்டிக் கோயிலுக்கு, குடிலின் கூரை வேய அனுப்பிவிட்டு, கதவிலிருந்த பழைய வளையத்தைக் கழற்றினாள். பாதியை ஆடு தின்றிருந்தது. ஊருக்குக் கட்டியதில் மிஞ்சிய துண்டு நூல், உதிர்ந்த மிளகாய், உடைந்த வளையல் துண்டு, அறுந்த வெள்ளித்தாள் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, ஈர்க்கை வளைத்து, தனக்காக ஒன்று கட்டினாள். அவளுக்கென்று தனியாக ஒரு குப்பை மிஞ்சவில்லை என்பதால் எல்லார் குப்பையும் அதில் இருந்தது. மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள்.

தெரு அதைப் பார்க்காமலில்லை. பார்த்தவர்கள் கோயில் முற்றத்தில் கூடிப் பேசினோம். போய் உட்காரலாம், பேசலாம், ஆனால் அவளும் மேலே போய்விட்டால் நாளை நம்மை யார் இறக்குவது என்று ஒருவன் கேட்டான். உள்ளதைச் சொல்லித் திட்டுகிற வாய் ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது. திருவிழா முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார் எஸ்தாக்கி முதலாளி. தொம்மை கோபுர உயரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கத்தினான், காற்றில் அது எங்களுக்குக் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் கித்தேரிக்கு மட்டும் செருப்புச் சத்தங்கள் வருவதும், வாசலில் நிற்பதும், போவதும் கேட்டன. அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதுக்குத்தான் கட்டவேண்டாம் என்றிருந்தேன் என்று தனக்குத்தானே சொன்னாள்.

சாயங்காலம் தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடத்தோடு வந்தாள் ரொசாரி. வளையத்தைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். "ஏட்டி, கதவத் தொற" என்றாள். உள்ளே சத்தமில்லை. போனவள் பேசக்கூடாது என்பது முறை.

"செத்தவ மாதிரி உள்ள கெடக்காத. தொறங்கேன்."

அதற்கும் சத்தமில்லை என்றதும் ரொசாரி இரண்டு கையாலும் வளையத்தைப் பற்றி, ஆணியோடு பிடுங்கி, மணலில் வீசினாள்.  "எவளக் கேட்டு இத மாட்டின? ஒன்ன யாரு சாவச் சொன்னா? எங்கம்மா செத்தன்னைக்கி எல்லாவளும் என்னக் கட்டிப் புடிச்சி அழுதாளுவ. நீ ஒருத்திதான், மூணு நாளா திங்காம கெடக்கியே சவத்துப் பயபுள்ளன்னு மண்டையில அடிச்சி, ஒரு தட்டு கஞ்சி குடிக்க வச்ச. அதுக்கப்பொறம் நான் பட்டினி கெடந்த அன்னைக்கெல்லாம் பைப்படியில வந்து சண்ட இழுத்த. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒன் சத்தம் கேக்கலன்னா எனக்கு விடிஞ்ச மாதிரியே இல்லட்டி. நீ போயிட்டா நான் யாருகூட சண்ட போடுவேன்? இந்தக் கூட்டத்துல எவளுக்கு இருக்கு அந்த வாயி?"

உள்ளே எதிலோ தலை இடிக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கித்தேரி நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வெளியே வந்தாள். அவள் கால் வாசற்படியில் இல்லை.

ரொசாரிக்குத் தான் செய்தது புரிந்தது. திட்டினால் இறங்கிவிடுவாள் என்று, கொழுப்பெடுத்தவளே, வாயாடி, ஆட்டுக்காரி, இறங்கு கீழே என்று திட்டினாள். ஊரில் எல்லாரையும் இறக்குகிற திட்டு இவளை மட்டும் ஏற்றியது, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முழம், இறவாணம் தாண்டி, ஓடு தாண்டி. எட்டிப் பிடிக்கத் துள்ளிய ரொசாரியின் கையில் ஒரு கணுக்கால் அகப்பட்டது. அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அவள் அப்படியே நின்றாள்.

மேலே மூன்றடுக்கு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கித்தேரி நின்றாள். ஊர் முழுக்கத் தெரிந்தது, கடல் தெரிந்தது. பல வருஷமாக வாயில் வராத முறைச்சொல் அவளுக்கு அப்போது வந்தது. "மைனி, ஒங்க ஸ்டாருல மேப்பக்கம் பேப்பர் கிழிஞ்சிருக்கு" என்றாள்.  காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. ஒரு நாளும் யாரிடமும் எதையும் வேண்டிக் கேட்காதவள், கீழே பார்த்து, "விட்டுராதீக மைனி" என்றாள்.

ரொசாரி ஒரு கையால் கணுக்காலைப் பிடித்தபடியே மற்றக் கையால் தன் முந்தானையை எடுத்து, கணுக்காலைச் சுற்றிக் கட்டினாள். படகைக் கரையில் கட்டுகிற முடிச்சு அது, இழுக்க இழுக்க இறுகும். அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பூசைக்கு மணி அடிக்குமுன் தண்ணீர் பிடித்தாக வேண்டுமே என்று, கித்தேரியையும் இழுத்துக்கொண்டு பைப்படிக்கு நடந்தாள். அங்கே வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். குழாயடியில் முதலில் தன் குடத்தை வைக்கப்போனவள், நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"ஒன் குடம் எங்கட்டி?" என்றாள்.